ஐந்தாவது இழுப்பறை

முன்னறையின் கிழக்குச் சுவரில், தரையிலிருந்து என் தோள் உயரம் வரை, இரண்டு பத்திகளாக எட்டெட்டு இழுப்பறைகள் இருந்தன. வலப்பத்தியில் மேலிருந்து ஐந்தாவது என்னுடையது. படாக் மரத்தால் செய்தவை. ஒவ்வொன்றும் மேசை அகலம், நான்கு விரல் ஆழம். இழுத்தால் முதலில் சற்றுப் பிடிவாதம் காட்டும்; பிறகு ஒரேயடியாக நம் வயிற்றில் வந்து முட்டும். மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொள்ளும் என்பதால் அத்தை ஆண்டுக்கொருமுறை மெழுகுவத்தித் துண்டால் ஓரங்களைத் தேய்த்துவைப்பார். ஒவ்வொன்றின் முகப்பிலும் சிறிய பித்தளைச் சட்டம்; அதற்குள் செருகிய சீட்டில் ஒரு பெயர். சீட்டுகள் எல்லாம் ரத்தான கப்பல் டிக்கெட்டுகளின் பின்புறத்தைக் கத்தரித்துச் செய்தவை. என் சீட்டில் என் பெயரும் அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘கலெக்டர்’ என்றும் எழுதியிருந்தது.

கடந்த டிசம்பரில் அந்த வீட்டை விற்றுக்கொடுப்பதற்காக நான் போர்ட் பிளேர் போனேன். ஊருக்கு இப்போது வேறு பெயர். பத்திரத்தில் புதிய பெயர்தான் இருந்தது. ஆனால் வீடு இருக்கும் ஷாதிபூர்ச் சரிவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை, அத்தையும் சொன்னதில்லை. அத்தை என் அப்பாவின் அக்கா. திருமணம் செய்துகொள்ளாதவர். ஆகஸ்டில் இறந்துபோனார். வீடு அப்பாவுக்கு வந்தது. அப்பா தென்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயில் பள்ளி ஆசிரியர். அங்கிருந்து வடக்கே வரக் கப்பல் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. ஆகவே தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தைச் சென்னையில் முதுகலை இலக்கியம் படிக்கும் மகளுக்கு எழுதிக்கொடுத்தார். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள். வீட்டைக் காட்ட வேண்டும், காலி செய்ய வேண்டும், கையெழுத்திட வேண்டும், சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். அந்தச் சாவியைக் கொடுத்த பிறகு, நான் வளர்ந்த ஊரில் எனக்கென்று திரும்பி வர ஓர் இடம் இருக்காது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

தரகர் முதல் நாளே தன் கைப்பேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டு வீட்டின் படங்களைக் காட்டினார். நீண்ட தாழ்ந்த கூரை, சுவரளவு சன்னல்கள், வீட்டைச் சுற்றி மரங்கள். “பாத்தீங்களா மேடம், உங்க வீடு அப்படியே இதுதான். மிட் செஞ்சுரி மாடர்ன்னு பேரு. மெயின்லேண்ட் பார்ட்டிங்க இதுக்கு உயிரை விடுவாங்க. நீங்க லிட்ரேச்சர்தானே? விளம்பரத்தை நீங்களே பக்காவா எழுதிடுங்க.” நான் எழுதினேன்: மரங்கள் சூழ்ந்த அமைதியான பகுதியில், அறுபதுகளில் கட்டப்பட்ட குடும்ப வீடு. எழுதிவிட்டுக் ‘குடும்ப’ என்ற சொல்லில் நெடுநேரம் நின்றேன். நான் அறிந்த காலம் முழுவதும் அந்த வீட்டில் குடும்பம் என்று ஒன்று வாழவில்லை. அடித்துவிடலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டேன்.

வீட்டைக் கட்டியவர் என் தாத்தா. நான் பிறப்பதற்கு முன்பே காலமானவர். அரசுப் பொதுப்பணித் துறையில் வரைபடம் வரைபவராக இருந்தார். பிறருக்காக ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளை வரைந்த கை, தனக்காக வரைந்தபோது வேறொன்றை வரைந்தது. சரிவில் நிற்கும் வீடு. முன்புறம் சாலையோடு ஒட்டி நிற்கும். பின்புறம் சிமெண்டுத் தூண்களின் மேல் மரங்களுக்கு நடுவே மிதக்கும். கூடத்துக்கும் சமையலிடத்துக்கும் இடையில் சுவர் கிடையாது, இரண்டு படி இறக்கம் மட்டுமே. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் சாய்த்துத் திறக்கும் மரச் சட்டங்கள். அவற்றினூடே பலா மரத்தின் பச்சையும், அதற்கப்பால் துறைமுகத்து நீரின் ஒரு துண்டும் தெரியும். சிவப்புத் தரையில் கூடத்தின் குறுக்கே ஒரு விரிசல்; பெரிய அலை வந்த அன்று காலை நிலம் ஆடியபோது விழுந்தது. அதன்மேல் பாய் விரித்துவைக்கச் சொன்னார் தரகர். அத்தை அதைப் பூசவும் மறைக்கவும் சம்மதித்ததில்லை. தாத்தா தன் வரைபடத் தாள்கள் மடங்காமல் கிடக்கவென்று செய்வித்தவைதான் அந்தப் பதினாறு இழுப்பறைகள். தாள்கள் போனபின் அத்தை அவற்றுக்கு வேறு வேலை கண்டுபிடித்தார்.

அத்தை கப்பல்துறை ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அந்த வேலையின் பெரும்பகுதி டிக்கெட் கொடுப்பதல்ல, இல்லையென்று சொல்வது. வடகோடியில் இருக்கும் திக்லிபூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்தவரிடம், மெயின்லேண்ட் போகும் கப்பல் மூன்று நாள் தள்ளிப்போய்விட்டது என்று சொல்ல வேண்டும். நன்கௌரித் தீவிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பெண்ணிடம், திரும்பிப் போக அடுத்த வாரம்தான் இடம் என்று சொல்ல வேண்டும். நாள் முழுவதும் இப்படிச் சொல்லிவிட்டு, மாலை சன்னலை மூடும்போது, இன்னமும் மூட்டை முடிச்சோடு வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, “டிக்கெட்தான் இல்ல, இடம் இருக்கு. சலோ, எழுந்திரிங்க” என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். தமிழர், வங்காளிகள், தெலுங்கர், ஒருமுறை கேம்பல் பேயில் குடியமர்ந்த ஒரு முன்னாள் படைவீரரின் பஞ்சாபி மனைவி கைக்குழந்தையோடு. எல்லோரிடமும் ஒரே இந்தி, ஒரே அதட்டல்.

அவரைப் புண்ணியவதி என்று எழுதிவிட எனக்கு விருப்பமில்லை, அவரே சிரிப்பார். விருந்தாளிகள் அதிகம் பேசினால் பிடிக்காது. “கோளாறு கப்பலுக்குத்தானே, உங்க வாய்க்கு என்ன?” என்பார். இரண்டாவது முறை டீ கேட்பவரிடம் பாத்திரத்தைக் காட்டி, “அடுப்பு அங்க இருக்கு, தண்ணி நாளைக்குத்தான் வரும், பாத்துச் செலவு பண்ணுங்க” என்பார். பிற்பகல் தூக்கத்தை எவருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் கப்பல் அறிவிக்கப்பட்ட நாளில் அவர் முகம் சற்று வாடிப்போவதை நான் கவனித்திருக்கிறேன். விருந்தாளிகள் பெட்டியைக் கட்டி முடித்ததும் இழுப்பறைகளில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

“எதையாச்சும் வெச்சிட்டுப் போங்க.”

புதியவர்கள் விழிப்பார்கள்.

“அரே, பெருசா ஒன்னும் வேணாம். சீப்பு, துண்டு, ஏதோ ஒன்னு. சும்மா என்னைப் பாக்கவா வரப்போறீங்க? உங்க பொருளைப் பாக்கவாச்சும் வருவீங்க.”

வைத்துவிட்டுப் போனார்கள். அத்தை சீட்டெழுதிச் செருகுவார். அடியில் நாளிதழ்த் தாள் விரிப்பார். அது சென்னையிலிருந்து விமானத்தில் வரும் தமிழ் நாளிதழ். படித்து முடித்த பிறகே விரிப்பாகும். ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில், மழை இறங்குவதற்கு முன், தாள் மாற்றுவார். பொருளை ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைக்காமல் போய்விட்டால் சீட்டை உருவிவிடுவார், தாளையும் எடுத்துவிடுவார். காலி இழுப்பறை வெறும் மரமாகவே கிடக்கும். “காலி டிராயருக்குக் காகிதம் போட்டா கரப்பான்தான் குடிவரும்” என்பது அவர் சொன்ன காரணம். இந்த விதியை அவர் மீறி நான் பார்த்ததில்லை.

ஆறாம் வகுப்புக்கு என்னையும் கேம்பல் பேயிலிருந்து இந்த வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். இரண்டு இரவும் இரண்டு பகலும் கப்பல். இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. பேசுவதைவிட அடுக்குவதில் நிம்மதி கண்ட பிள்ளை. முதல் வாரமே அத்தையின் சமையல் டப்பாக்களை உயர வரிசையில் நிறுத்தினேன். விருந்தாளிகளின் செருப்புகளை இணை சேர்த்து வாசலில் கோடு போட்டதுபோல் வைத்தேன். அத்தை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “கலெக்டரம்மா ஆய்வு முடிஞ்சுதா? நான் உள்ள போலாமா?” அன்று வைத்த பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிலைத்தது. ஐந்தாவது இழுப்பறையை எனக்குக் கொடுத்தார். நான் விருந்தாளி இல்லையென்பதால், அதில் ஒரு பொருளை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். சீட்டு மட்டும் மற்றவர்களுக்குப் போலவே எழுதிச் செருகினார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், பள்ளி விட்டு ஜெட்டிக்குப் போய் அவருக்காகக் காத்திருந்தேன். எதிரே ஒரு கப்பல் வந்து நின்றிருந்தது. அதன் பெயரைப் படிக்கச் சொன்னார். வழக்கமாக அந்த இடத்தில் நிற்கும் கப்பலின் பெயரை நான் தயங்காமல் சொன்னேன். அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். அன்று அங்கே நின்றது வேறு கப்பல். மறுநாள் விடுப்பெடுத்துக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனார். பழுப்பு நிறத்தில், என் முகத்துக்குச் சற்றுப் பெரிய மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது தூங்குமூஞ்சி மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். “இவ்வளவு நாள் எல்லாத்தையும் மனப்பாடமாவே பாத்துட்டு இருந்தியா, கலெக்டரம்மா?” என்றார். கேலியாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது குரல் கேலியாக இல்லை.

நான் சென்னைக்குப் புறப்பட்ட நாளைப் பற்றி எழுதும்போது துல்லியமாக இருக்க வேண்டும். அறியாமல் செய்த பிழை அது என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. அந்த வீட்டின் வழக்கத்தை ஏழாண்டுகள் அருகிலிருந்து பார்த்தவள் நான். எத்தனையோ பேருக்கு நானே சீட்டெழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஜூன் மாதத்தில் எனக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமில்லை. கப்பலுக்காகக் காத்திருக்காத ஊர், தண்ணீருக்காகவும் காத்திருக்காததாக நான் நம்பிய ஊர், பெரிய நூலகம். இழுப்பறையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். தாளை எடுத்து நான்காக மடித்துப் பழைய தாள்களோடு சேர்த்தேன். ஈரத் துணியால் மரத்தைத் துடைத்தேன். பொருளை விட்டுப் போவதெல்லாம் வழியில் தங்கிப் போகிறவர்களுக்கு. நான் சுத்தமாகப் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வருவதாக யாருக்கும் வாக்குத் தராமல் போவது நேர்மையானது என்றுகூட எனக்குத் தோன்றியது.

“எல்லாம் எடுத்துட்டியா?” என்று அத்தை கேட்டார்.

“எடுத்துட்டேன் அத்தை. எதுவும் விடல.”

அவர் ஐந்தாவது இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். இன்னும் ஈரம் காயாத மரத்தை விரலால் ஒருமுறை தடவினார். “சுத்தமா இருக்கு,” என்றார். “கலெக்டரம்மா வேலைன்னா சும்மாவா?” பிறகு அதை மூடிவிட்டு, என் பெட்டிகளில் கனமானதை அவர் தூக்கிக்கொண்டார். ஹாடோ துறைமுகத்தில் கப்பலின் படியேறும்வரை கூட வந்தார். வைத்துவிட்டுப் போ என்று என்னிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. நானாக வைப்பேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். அன்று அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கப்பல் ரோஸ் தீவைக் கடக்கும்போது படிப்பதற்கு ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

அதன்பின் இரண்டு மே மாதங்களில் அந்த வீட்டில் தங்கினேன். இரண்டு முறையும் கேம்பல் பே கப்பலுக்காகக் காத்திருந்த நாட்கள். முதல்முறை மூன்று, அடுத்தமுறை ஐந்து. கையில் ஒரே பை. முன்னறையில், இழுப்பறைகளுக்கு அருகிலேயே பாய் விரித்துப் படுத்தேன். ஐந்தாவதைத் திறக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அது காலி என்று எனக்குத் தெரியும். என் சீட்டு சட்டத்திலேயே இருந்ததைப் பார்த்தேன். எடுக்க மறந்திருப்பார் என்று நினைத்தேன். எதையும் மறக்காத ஒருவரைப் பற்றி அப்படி நினைத்தேன். மற்ற இரண்டு மே மாதங்களில், ஒருமுறை அப்பாவும் அம்மாவும் சென்னைக்கு வந்தார்கள். ஒருமுறை எனக்கு ஆய்வேட்டு வேலை இருந்தது. தொலைபேசியில் அத்தை, “கப்பல் காலியாத்தான் போகுதாம்” என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் எந்தக் கப்பலில் இடமிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. விருந்தாளிகள் குறைந்துவிட்டார்கள், டிக்கெட் கைப்பேசியிலேயே எடுக்கிறார்கள், மருத்துவமனைக்கு அருகில் விடுதிகள் வந்துவிட்டன. அதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. “தண்ணி மிச்சம்” என்றார்.

ஆகஸ்டில் அப்பா அழைத்தபோது எனக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. “அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டாங்க. நானே போய்ச் சேர முடியல. நீ அலைய வேணாம்” என்றார். சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம். நான் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டேன். மறுநாள் தேர்வெழுதினேன், நன்றாக எழுதினேன்.

டிசம்பரில் போய்க் கதவைத் திறந்தபோது முன்னறையில் ஈர மரத்தின் வாசனை. மழை தகரக் கூரையில் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பதினாறில் ஒன்பது இழுப்பறைகளில் சீட்டு இருந்தது. வீட்டை முழுவதும் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அத்தையின் குறிப்பேட்டில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தேன். சில எண்கள் இப்போது வேறு யாருடையவையோ. பஞ்சாபிப் பெண் வைத்துவிட்டுப் போன குழந்தைச் சட்டை பொத்தான் அறுந்து கிடந்தது. அந்தக் குழந்தை இப்போது என்னைவிடப் பெரியவனாக இருக்க வேண்டும். திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் முதல் மணியிலேயே எடுத்தார். நான் யாரென்று சொல்லி, அவருடைய துண்டு இங்கே இருக்கிறது, எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்று கேட்டேன்.

“துண்டா? அத ஏம்மா அனுப்புற? அனுப்பிட்டா அப்புறம் நான் எதுக்கு அங்க வர்றது?” என்று சிரித்தார். “அக்காகிட்ட குடு, பேசறேன். அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லணும்.”

சொன்னேன். எப்போது என்று கேட்டார், ஆகஸ்டில் என்றேன். பிறகு, “சரிம்மா. அத எங்கயாச்சும் போட்டுடு” என்றார்.

எட்டு இழுப்பறைகளைக் காலி செய்தேன். எல்லாவற்றிலும் விரிப்புத் தாள் மஞ்சளேறி, ஓரம் பொடிந்து கிடந்தது; சில ஆண்டுகளாக அவர் அவற்றை மாற்றவில்லை. முதுகு வலி என்று சொல்வார். கீழ் வரிசைகளுக்குக் குனிய முடியாமல் விட்டிருப்பார் என எண்ணிக்கொண்டேன். என்னுடையதைக் கடைசியாக வைத்திருந்தேன். சீட்டை உருவினால் போதும், திறக்கவே வேண்டியதில்லை. ஆயினும் எதையும் சரிபார்க்காமல் விடுவது என் இயல்பல்ல. இழுத்தேன். பிடிவாதமே காட்டாமல் உடனே வந்தது. ஓரங்களில் புதிய மெழுகு.

உள்ளே பொருள் எதுவும் இல்லை. தாள் விரித்திருந்தது. வெள்ளைத் தாள் என்றே சொல்லலாம், அவ்வளவு புதியது. அந்த ஆண்டு மே மாதம் முதல் வாரத்து நாளிதழ். அதைத் தூக்கினேன். அடியில் இன்னொன்று, முந்தைய ஆண்டின் மே. அதற்கடியில் அதற்கு முந்தைய மே. அதற்கடியில் நான் போன ஆண்டுக்கு அடுத்த மே. நான்கு தாள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரங்கள் பிசகாமல். பழையதை எடுக்காமல் அதன்மீதே புதியதை விரித்திருக்கிறார். நான் வந்து தங்கிய அந்த இரண்டு ஆண்டுகளின் தாள்களும் அவற்றில் இருந்தன. நான் அதை ஒட்டியே பாய் விரித்துப் படுத்திருந்த நாட்களில், உள்ளே தாள் விரித்துத் தயாராக இருந்திருக்கிறது.

அது குற்றச்சாட்டா, காத்திருப்பா, வெறும் பழக்கமா என்று நான் எவ்வளவோ யோசித்தேன். பாடங்களில் ஒரு வரிக்கு மூன்று பொருள் சொல்லி மூன்றையும் நிறுவப் பழகியிருக்கிறேன். இதற்கு ஒன்றையும் நிறுவ முடியவில்லை. கேட்பதற்கு அவர் இல்லை. தாள்களில் ஓர் எழுத்துகூட அவர் எழுதியிருக்கவில்லை. கரப்பான் முட்டையும் இல்லை.

அன்று மாலை அப்பாவை அழைத்தேன். கேம்பல் பே இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

“ஏம்ப்பா, விக்காம வெச்சிருந்தா என்ன?”

“வெச்சிருக்கலாம். யாரு இருக்கறது? பூட்டி வெச்சா ரெண்டு மழைல கறையான் தின்னுடும். நீ வந்து இருக்கியா? சொல்லு, நாளைக்கே வேணாம்னுடறேன்.”

நான் ஐந்தாவது இழுப்பறையை உள்ளே தள்ளினேன்.

“ஹலோ? லைன் இருக்கா?”

“இருக்குப்பா.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்ததும், விடுதி அறையும், நூலகத்தில் எனக்கென்று ஆகிப்போன சன்னலோர மேசையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வருகிறேன் என்ற ஒரு சொல் போதும், வீடு நின்றிருக்கும். “ஒன்னுமில்லப்பா, சும்மாதான் கேட்டேன்” என்றேன். வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டேன்.

வாங்கியவர்கள் நல்லவர்கள். தூத்துக்குடிக் கரையிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள். கணவர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், மனைவி தையற்காரர். முதல் முறை வீட்டைப் பார்க்க வந்தபோதே அந்த அம்மாள் இழுப்பறைகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். “எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச மாதிரில்லா இருக்கு! பிளவுஸ் பிட்டு ஒன்னுல, லைனிங் ஒன்னுல, ஊக்கு பட்டன் எல்லாம் மேல…” கணவர் என்னிடம், “வீட்ட பாக்கச் சொன்னா இவ டிராயர பாக்கா. வீடு இல்லாம இத மட்டும் குடுத்தாக்கூட வாங்கிருவா” என்றார். “நீங்க வாய மூடிட்டுக் கூரைய பாருங்க, ஒழுகுதான்னு” என்றார் அந்த அம்மாள். அந்த வீட்டில் அப்படிப்பட்ட பேச்சு கேட்டு வெகுகாலமாகியிருந்தது. இந்த இழுப்பறைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன். அறிமுகமில்லாதவரிடம் எப்படித் தொடங்குவது என்று வாக்கியத்தை மனத்தில் திருத்திக்கொண்டிருக்கும்போதே அவர்கள் சமையலிடத்துக்கு இறங்கிவிட்டார்கள்.

புறப்பட்ட காலை, அவர்கள் வருவதற்குச் சற்று முன், ஐந்தாவது இழுப்பறையைத் திறந்தேன். நான்கு தாள்களையும் எடுக்கவில்லை. என் பையில் மாற்றுக்காக வைத்திருந்த பழுப்பு நிறக் கண்ணாடியை உறையோடு எடுத்து அவற்றின்மேல் வைத்தேன். சென்னையில் புதுக் கண்ணாடி வாங்கியபின் அதை நான் போட்டதில்லை. ஆனால் அது இல்லாமல் எங்கும் போனதுமில்லை. சீட்டைச் சட்டத்திலேயே விட்டேன். வீடு இன்னொருவருடையது, ஒப்பந்தத்தில் ‘காலியாக’ என்று இருக்கிறது, நான் செய்வது முறையல்ல என்பதெல்லாம் தெரியும். மெதுவாக மூடினேன்.

மூவரும் வாசலில் நின்று சாவியைக் கைமாற்றினோம். அந்த அம்மாள் என் இரண்டு பைகளையும் பார்த்துவிட்டு, “எல்லாம் எடுத்துட்டியளா தங்கச்சி?” என்று கேட்டார்.

“எடுத்துட்டேன்” என்றேன். என் வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே சொன்ன பொய்கள் குறைவு, அது ஒன்று.

ஆட்டோ சரிவின் அடியில் நின்றது. தூறல். இரு பக்கமும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பாதி வழி இறங்கியிருப்பேன். மனம் விசித்திரமாக லேசாகியிருந்தது. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, கேம்பல் பே போகும் வழியில், இந்தச் சரிவில் ஏறி வந்து கதவைத் தட்டுவேன், ‘ஒரு பொருளை வைத்துவிட்டுப் போனேன்’ என்பேன், டீ கிடைக்கும். இப்படி ஒரு காட்சியை முழுவதுமாக அமைத்துவிட்டேன்.

“தங்கச்சி! ஏ தங்கச்சி, நில்லுங்க!”

அந்த அம்மாள் செருப்பில்லாமல், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்துகொண்டிருந்தார். மறு கையில் கண்ணாடி உறை. அதோடு சேர்த்து என் சீட்டும்.

“துணிய அடுக்குவம்னு திறந்தா உள்ள இது கெடக்கு. பேர் எழுதுன சீட்டு வேற. அடப் பாவமே, பவர் கண்ணாடில்லா! இது இல்லாம எப்படிப் படிப்பிய?” மூச்சு வாங்கினார். “நல்லவேள இப்பவே பாத்தேன். இல்லைன்னா இதுக்குன்னு கடல் தாண்டி இன்னொரு வாட்டி வரணும்லா நீங்க.”

அவர் நெற்றியிலிருந்து மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. பாதங்கள் சேற்றில் இருந்தன. சொல்வதற்கான வாக்கியம் என்னிடம் அப்போது திருத்தமாகவே இருந்தது. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபின் அதைச் சொல்ல முடியவில்லை. கண்ணாடியையும் சீட்டையும் வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன்.

“இப்ப எல்லாம் எடுத்தாச்சுல்லா?” என்றார்.

“எடுத்துட்டேன்,” என்றேன். “எதுவும் விடல.”